ஆம்பருக்குள் ஒரு சிற்றுண்ணி: புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

"மணல் துகளைவிடச் சிறிய ஓர் உயிர் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆம்பருக்குள் கிடக்கிறது. அதைப் பார்த்துப் புதிய இனம் என்று எந்தத் துணிச்சலில் சொல்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மரப்பிசினில் உயிர் சிக்குவதும், பிசின் மண்ணுக்குள் இறுகி ஆம்பராவதும் தெரிந்த கதைதான். மியான்மரின் கச்சின் பகுதி ஆம்பருக்கு வயது சுமார் 9.9 கோடி ஆண்டுகள். இத்தாலியின் டோலமைட் மலைகளில் கிடைத்த சுமார் 23 கோடி ஆண்டுப் பழைய ஆம்பர் துளிகளில் இருந்த இரண்டு சிற்றுண்ணி (mite) இனங்களுக்கு 2012இல் பெயர் சூட்டினார்கள்.

சிற்றுண்ணிகளை இனம் பிரிப்பதில் உரோமங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முதுகில் எத்தனை, எந்தெந்த இடத்தில், நுனி கூரா தட்டையா, காலின் ஒவ்வொரு கணுவிலும் எத்தனை என்று எண்ணுகிறார்கள். அறியப்பட்ட உறவினங்கள் எதனோடும் இந்த அமைப்பு ஒத்துப்போகாவிட்டால் புதிய இனம். வளர்ச்சிப் பருவத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சிற்றுண்ணிகளுக்கு வளர்ந்தபின் எட்டுக் கால்கள்; இளம்புழுப் பருவத்தில் ஆறுதான்.

ஆனால் உரோமம் கண்ணில் பட வேண்டுமே! ஆம்பரின் வளைந்த மேற்பரப்பு ஒளியை வளைத்து உருவத்தைக் கோணலாக்குகிறது. கல்லைத் தேய்த்து மெருகேற்றி, ஆம்பரின் ஒளிவிலகல் எண்ணுக்கு (சுமார் 1.54) நெருக்கமான திரவத்தில் அமிழ்த்தினால் அந்தக் கோணல் பெருமளவு மறையும்.

ஒளியே எட்டாத இடத்துக்கு எக்ஸ்-கதிர் போகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது. சாதாரண எக்ஸ்-ரே, எலும்பு கதிரை அதிகம் உறிஞ்சுவதையும் தசை குறைவாக உறிஞ்சுவதையும் வைத்துப் படம் தருகிறது. ஆம்பரும் கரிமப்பொருள், உண்ணியின் எச்சமும் கரிமப்பொருள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உறிஞ்சும். ஆனால் கதிர் ஓர் அலை. இரு பொருள்களுக்குள் அதன் வேகம் மிக நுண்ணிய அளவில் வேறுபடுவதால், உடலின் விளிம்புக்கு இப்பக்கமும் அப்பக்கமும் வரும் அலைகளின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கங்களின் ஒழுங்கு, பிசகுகிறது. உணர்கருவியைச் சற்றுத் தள்ளி வைத்தால், அந்த இடைவெளியில் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, விளிம்பு நெடுக வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் விழுகின்றன. உறிஞ்சுதல் காட்டாத எல்லையை அலையே வரைந்து காட்டிவிடுகிறது! மாதிரியைச் சுழற்றிப் பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்குகிறார்கள்.

பால்டிக் ஆம்பரில் ஒரு சிலந்தியின் மேல் ஒட்டியிருந்த, வெறும் 0.176 மில்லிமீட்டர் நீள உண்ணியை இந்த முறையில்தான் ஆராய்ந்தார்கள். அது உணவு உண்ணாத, பிற உயிர்கள் மேல் பயணம் போகும் இளம்பருவம். அடையாளம் காண உதவும் ஒட்டுறுப்புகள் அடிவயிற்றில் இருந்தன; அடிவயிறோ சிலந்தியின் உடலோடு ஒட்டியிருந்தது. நுண்ணோக்கியால் பார்க்கவே முடியாத அந்தப் பக்கத்தை எக்ஸ்-கதிர் காட்டியது. உண்ணி எந்த உயிரியல் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெரிந்தது.

கருவிக்குப் பணம் ஒதுக்கும் நிதி அமைப்புகள், அந்தப் படத்தில் உரோமம் எண்ணத் தெரிந்த வகைப்பாட்டியலாளருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். படம் தானாகப் பெயர் சொல்லாது.

பெயரிடும்போது ஒரு மாதிரியை (சிலவேளை சிலவற்றை) மூலமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரம், என்று அறிவித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதி அது. அந்தச் சேகரிப்பு பொது அருங்காட்சியகமாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். சந்தேகம் எழுந்தால் வேறொருவர் அதே கல்லை எடுத்து அதே உரோமங்களை மறுபடி எண்ணிப் பார்க்க முடியும்.