கிளினிக் ரசீதில் மருந்தின் விலை உருவாகும் விதம்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்கு மருந்து வாங்குபவரிடம், மருத்துவர் பார்த்ததற்கான கட்டணமும் மருந்தின் விலையும் பெரும்பாலும் ஒரே தொகையாகவே கேட்கப்படுகின்றன. மலேசியாவில் தனியார் மருத்துவர், நோயைக் கண்டறிவதோடு மருந்தையும் தாமே கொடுக்கலாம் என்பதே இதற்கு அடிப்படை. தனியார் கிளினிக்குகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ், பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் பல ஆண்டுகள் 10 முதல் 35 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கட்டுப்பட்டிருந்தது. கடை வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறிக்கொண்டே போக, பற்றாக்குறையை மருந்தில் கிடைக்கும் இலாபமே ஈடுகட்டியது. இதை மருத்துவரின் பேராசை என்பது நியாயமாகாது. கட்டண அமைப்பே அவரை அந்தப் பக்கம் தள்ளியது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் மருந்தும் சேர்த்து 1 வெள்ளி மட்டுமே செலுத்துவதால், அங்கே இந்தக் கணக்குக்கே இடமில்லை.

கிளினிக்கின் மருந்து அலமாரி சிறியது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்பதாலும், காலாவதியானால் நட்டம் என்பதாலும், ஒவ்வொரு நோய்க்கும் ஓரிரு வகைகளே அதில் இருக்கும். ஆகவே, நோயாளியின் கைக்கு வரும் மாத்திரையைத் தீர்மானிப்பதில் மருத்துவ அறிவுக்கு அடுத்து அலமாரிக்கும் பங்குண்டு.

அது அசல் நிறுவனத்தின் மாத்திரையா, காப்புரிமைக் காலமான 20 ஆண்டுகள் முடிந்தபின் பிறர் தயாரித்த பொதுப்பெயர் மாத்திரையா என்பதைப் பொறுத்தே விலை பெரிதும் மாறுகிறது. மலிவானது என்றால் வீரியம் குறைந்தது என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுப்பெயர் மாத்திரை அசலுக்கு இணையானதா என்பது ஒரு சோதனையில் பார்க்கப்படுகிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் வெவ்வேறு நாட்களில் இரு மாத்திரைகளையும் உட்கொள்கிறார்கள்; பல மணி நேரத்துக்கு விட்டுவிட்டு இரத்தம் எடுத்து, மருந்து எட்டிய உச்ச அளவும் உடலில் சேர்ந்த மொத்த அளவும் கணக்கிடப்படுகின்றன. இவ்விரு அளவுகளிலும் பொதுப்பெயர் மாத்திரை அசலில் எத்தனை விழுக்காடு என்ற விகிதத்துக்கான 90 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, முழுவதும் 80க்கும் 125க்கும் இடையே அடங்க வேண்டும். இதை, 20 விழுக்காடு மருந்து குறைந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். இடைவெளியின் இரு முனைகளும் எல்லைக்குள் நிற்க வேண்டியிருப்பதால், நடு மதிப்பு பொதுவாக 100ஐ ஒட்டியே அமைய நேர்கிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்ற சில மருந்துகளில் மட்டும் தேவையான அளவுக்கும் தீங்கான அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. அவற்றில் நிறுவனம் மாறினால் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். இனிப்புநீர் (நீரிழிவு) மருந்தான மெட்ஃபோர்மினில், மெதுவாகக் கரையும் வகையையும் சாதாரண வகையையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளக் கூடாது.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் தனியார் மருத்துவமனைகளும் மருந்து விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். பல மருத்துவர்கள் இதை எதிர்த்தார்கள். ஆயினும், இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாதந்தோறும் மருந்து வாங்கும் குடும்பங்களை நினைத்தால் இது வரவேற்க வேண்டிய மாற்றம் என்றே கருதுகிறேன். அத்தகையோர் மருத்துவரிடம் மருந்துச்சீட்டு எழுதித் தருமாறு கேட்டு, வெளியே பார்மசியில் வாங்கிக்கொள்ளலாம். விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையைப் பாராமல், வேதிப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று உறுதிசெய்து, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது.