இரத்தம் நின்றால் நரம்பு தப்பியது என்று யார் சொன்னது?

நரம்பு அறுந்ததை அறியாமல் அறுவை மருத்துவனான என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வயது 24, கண்ணாடிக் கடையில் வேலை. எட்டு மாதங்களுக்கு முன் மணிக்கட்டில் கண்ணாடி இறங்கியிருக்கிறது. அன்றே தையல் போட்டார்கள், புண்ணும் அழகாக ஆறிவிட்டது. என் மேசைமேல் கையை வைத்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல் வளைந்து நின்றன. கட்டைவிரலை ஒட்டிய சதை வற்றிப் புறங்கையில் குழி விழுந்திருந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் தேநீர்ப் பாத்திரம் சுட்ட தழும்பு. சுட்டதே தெரியவில்லையாம்.

"நரம்பெல்லாம் அறுபடவில்லை டாக்டர், இரத்தம் உடனே நின்றுவிட்டது" என்றார் அம்மா.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாய். அதில் போடும் ஊசிக்கு 'நரம்பு ஊசி' என்று பெயர் வேறு! முழங்காலுக்குப் பின்னால் கயிறுபோல் விறைப்பதும் நமக்கு நரம்புதான். அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். நான் சொல்லும் நரம்பு உணர்வையும் அசைவையும் கடத்தும், உள்ளே கிடக்கும் வெள்ளை நூல்கற்றை. அது அறுந்தால் இரத்தம் பீறிட்டு அடிக்காது, விரல்தான் மரத்துப்போகும். 'விரல் மடங்குகிறதே' என்பதும் சான்றாகாது. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கான நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு மேலேயே பிரிந்துவிடுவதால், மணிக்கட்டில் நரம்பு அறுந்தாலும் விரல் மடங்கும்.

தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும். அதுவரை தசை காத்திருக்க வேண்டுமே! ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை எழாது. முதல் வாரத்தில் வந்திருந்தால் முனையோடு முனை வைத்துத் தைத்திருப்பேன். இப்போது முனைகள் சுருங்கி விலகிவிட்டன. காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போட வேண்டும். எட்டு மாதமும் இவர் விழுங்கியது சத்து மாத்திரை. அறுந்த கயிற்றை எந்த மாத்திரை முடிச்சுப் போடும்?

எல்லா நரம்புக் காயத்துக்கும் கத்தி எடுப்பதில்லை. மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கினால் பெரும்பாலும் தானாகவே மீளும். அங்கே பொறுத்திருங்கள் என்று சொல்பவனே நான்தான். கண்ணாடி, கத்தி, அரிவாள் வெட்டு என்றால் பொறுக்காதீர்கள்.

மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட்டுப் பாருங்கள். விரல்களை அகட்டச் சொல்லுங்கள். இளம் மருத்துவர்களே, இதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? பெற்றோரே, குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. புண் ஆறியபின் குளிக்கும்போது பாருங்கள்: நீரில் ஊறியும் ஒரு விரல் மட்டும் சுருங்காமல் வழவழவென்று இருந்தால், மறுநாளே கூட்டி வாருங்கள், தயவுசெய்து.

ஒட்டு கைகொடுக்காவிட்டால் தசைநாணை இடம் மாற்றித் தைக்கலாம். 1940களின் இறுதியில் வேலூரில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் நிமிர்த்திய வழி அது. விரல் நிமிரும், உணர்வு வராது. அம்மாவிடம் அதைச் சொன்னபோது, மகனின் சுண்டுவிரலைப் பிடித்து மெல்லக் கிள்ளிப் பார்த்தார். மகன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.