அஜந்தா இருட்டுக்கு எந்தக் கேமரா?

"அப்பா அம்மாவோடு அஜந்தா போகிறேன். பைகளை நான்தான் தூக்க வேண்டும். கனம் இல்லாத கேமரா ஒன்று சொல்லுங்கள். 30 மடங்கு ஜூம் உள்ளதை வாங்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வெயிலில் எடுக்கும் படத்துக்கு எந்தக் கேமராவும் போதும். முதலாம் குகையில் பத்மபாணி போதிசத்துவர் ஓவியத்தின் முன்னால் நிற்கும்போதுதான் சோதனை. ஓவியங்களைக் காப்பதற்காக அங்கே ஃபிளாஷ் போட அனுமதியில்லை. நான் ஒருமுறை சின்ன ஜூம் கேமராவில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். போதிசத்துவரின் தாழ்ந்த இமைகள் மேல் சிவப்பும் பச்சையுமாக ரவை தூவியதுபோல் புள்ளிகள்!

அந்த ரவை எப்படி வருகிறது? சென்சார் என்பது லட்சக்கணக்கான சிலிக்கான் குழிகள் கொண்ட தகடு. ஒளித்துகள் வந்து விழுந்தால் எலெக்ட்ரான் கழன்று குழியில் தேங்கும். தேங்கியதை எண்ணினால் படம். ஆனால் ஒளித்துகள்கள் வரிசையில் நின்று வருவதில்லை. தூறல் ஆரம்பிக்கும்போது மொட்டைமாடியில் ஒரே மாதிரியான டம்ளர்களை அடுக்கி வையுங்கள். ஒன்றில் 7 துளி விழும், பக்கத்தில் 12, அடுத்ததில் 9. சராசரியாக 100 துளி விழுந்தால் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலம், அதாவது 10 துளி, பத்து சதவீதம். 10,000 துளி விழுந்தால் 100 துளி, ஒரே சதவீதம். பெருமழையில் எல்லா டம்ளரும் சமமாக நிறைவது போலத் தெரிவது இதனால்தான். குகையின் மங்கல் வெளிச்சம் வெறும் தூறல். அங்கே ஒரே நிறச் சுவரைக்கூடப் பக்கத்துக் குழிகள் வேறு வேறு எண்ணாகச் சொல்லும். அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு கருவியின் குறையே இல்லை. ஒளி துகள் துகளாகத்தான் வருகிறது என்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அதிகத் துளி வேண்டுமென்றால் அகலமான பாத்திரம் வேண்டும். பெருஞ்ஜூம் குட்டிக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 'ஒரு இன்ச்' சென்சாருக்கு 116. (பெயர் பழைய டிவி கேமராக் குழாயின் அளவிலிருந்து வந்தது, உண்மை அகலம் 13.2 மில்லிமீட்டர்தான்.) பரப்பு நான்கு மடங்கு என்றால் ரவை பாதியாகும். மெகாபிக்சலைக் கூட்டுவது அதே மழைக்குச் சின்ன டம்ளர்களை அதிகமாக அடுக்குவதுதான். கடைகளில் இன்னும் அந்த எண்ணைச் சொல்லியே விற்கிறார்கள். ராசிக்கல் விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். கனம் பெரும்பாலும் கண்ணாடியில்தான். அதனால் ஜூமை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்குங்கள். 2012இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100, ஒரு இன்ச் சென்சாரோடு 240 கிராம். ரிக்கோ ஜிஆர் 3, இன்னும் மூன்று மடங்கு பெரிய சென்சாரோடு 257 கிராம். அதில் ஜூமே கிடையாது.

இவ்வளவு சின்ன உடம்புக்குள் இது அடங்கியதற்கு விண்வெளி ஆராய்ச்சிக்கும் நன்றி சொல்ல வேண்டும். விண்கலக் கேமராவின் அளவையும் மின்செலவையும் குறைக்க வேண்டுமென்று 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு உருவாக்கிய சிமாஸ் (CMOS) என்னும் சென்சார் வகையின் வழித்தோன்றல்தான் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. நம் நாடோ ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூட ஒதுக்குவதில்லை. எனக்கு இது தீராத ஆதங்கம்.

ஆர்எக்ஸ்100 வகை வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். ஜூம் செய்யாதபோது முதல் ஆர்எக்ஸ்100இன் லென்ஸ் துளை எஃப்/1.8; முழுக்க இழுத்தால் எஃப்/4.9 (எண் கூடினால் துளை சிறிது). வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும். ஜூமைத் தொடாமல் தடுப்புக் கம்பிவரை நடந்து போய், மூச்சை அடக்கி எடுங்கள்.