பனி டயரா, குளிர்கால டயரா?

நவம்பர் பிறந்தால் போதும், ரொறன்ரோத் தமிழ் விளம்பரங்களில் 'பனி டயர்' உருளத் தொடங்கிவிடும். அண்மையில் பார்த்த ஒன்று அதற்கும் ஒரு படி மேலே போய், 'நான்கு சக்கர வாகனத்துக்குப் பனி டயர் தேவையா?' என்று கேட்டிருந்தது. மூன்று சக்கரக் காரை யார் வைத்திருக்கிறார்கள்? பாவம், அவர்கள் சொல்ல வந்தது ஆல்-வீல் டிரைவ், அதாவது எல்லாச் சக்கரத்தையும் எஞ்சினே ஓட்டும் வண்டி.

டயர் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. உடை, அணி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது என்பார்கள். சக்கரத்துக்கு உடுத்திய இரும்புப் பட்டைதான் முதல் டயர். நம் மாட்டுவண்டிக்கும் அந்தப் பட்டை உண்டு. ரப்பர் வந்தபின் டயர் என்றே ஊன்றிவிட்டது, ஈழத்தவர் எழுத்தில் ரயர். இருக்கட்டும்.

சிக்கல் முன்னால் ஒட்டிய 'பனி'யில்தான். இந்த டயரைத் தனியாக்குவது அதன் ரப்பர் கலவை. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடை டயர் விறைக்கத் தொடங்கும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரோ அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். ஒரு பொட்டுப் பனி இல்லாத காய்ந்த சாலையிலும் இந்த வேறுபாடு உண்டு. கியூபெக் மாகாணச் சட்டமும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை போட்டே ஆகவேண்டும் என்கிறதே தவிர, பனி கொட்டியதா என்று கேட்பதில்லை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. அங்கே 'பனி டயர்' என்று படித்தவர் என்ன செய்வார்? முதல் பனி விழட்டும், பார்க்கலாம் என்றிருப்பார். அப்புறம் கராஜில் இடம் கிடைக்காது.

முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் இருக்கிறதே, அந்தப் பனி குளிரைத்தானே குறிக்கிறது என்று ஒருவர் மடக்கலாம். நல்ல வாதம்தான். ஆனால் கனடாவில் 'பனி' என்றதும் மண்வெட்டியோடு முற்றத்துக்கு ஓடுகிறவனுக்கு அந்தப் பழம்பொருள் எட்டாது. 'மாரிகால டயர்' என்று எழுதுவோரும் உண்டு. அதைப் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர் மழைக்கு ஏற்ற டயர் என்றே நினைப்பார். 'குளிர்கால டயர்' என்பதில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

ஆல்-வீல் டிரைவுக்கு 'அனைத்துச் சக்கர இயக்கம்' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் தளர்வானது. எஞ்சினின் விசை எல்லாச் சக்கரத்துக்கும் போகிறது, அவ்வளவுதான். வண்டி வழுக்காமல் கிளம்ப அது உதவும். பிரேக் பிடிக்கும்போது எந்தக் காருக்கும் நான்கு சக்கரமும்தான் வேலை செய்கிறது. அங்கே இதற்குத் தனிச் சலுகை கிடையாது. நிற்பதும் வளைவில் திரும்புவதும் டயரின் பிடிப்பைப் பொறுத்தவை. 'இயக்கம்' என்றால் எல்லாமே அதற்குள் அடங்கியதுபோல் ஒலிக்கிறது. ஆகவே 'முழுச்சக்கர இழுவை' என்பேன். இழுவை என்றால் இழுக்கும், நிறுத்தாது. இந்த வண்டிக்கு ஒரே வகை டயரை நான்காகவே வாங்க வேண்டும் என்பதும் அதிலேயே தொக்கி நிற்கிறது. இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது என்று போட்டால் சுற்றளவு மாறி, விசையைப் பகிரும் பாகங்கள் ஓயாமல் உரசிக் கெடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. ஆல்-சீசன், ஆல்-வெதர் இரண்டையும் 'எல்லாப் பருவ டயர்' என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள். கனடாவில் ஆல்-சீசனில் பெரும்பாலும் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருக்கும். அது சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அதற்குக் குளிர்ச் சோதனை எதுவும் தேவையில்லை. ஆல்-வெதரில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம் இருக்கும். பனியில் இழுவைச் சோதனை தேறினால்தான் அது கிடைக்கும். முதலாவதை 'எல்லாப் பருவ டயர்' என்றும் இரண்டாவதை 'எல்லா வானிலை டயர்' என்றும் பிரித்து எழுத என்ன கஷ்டம்? வாங்குகிறவர் கியூபெக்கில் இருந்தால், அந்தச் சின்னம் இல்லாத முதலாவதோடு குளிர்காலத்தில் பிடிபட்டு அபராதம் கட்டப்போவது அவர்தான்.