எட்டுக் கை ஸ்வெட்டரை எத்தனை பேர் பார்ப்பார்கள்?

ஆக்டோபஸ் மாதிரி எட்டுக் கைகள் தொங்குகிற, ஆரஞ்சும் பச்சையுமாகப் பின்னிய ஒரு கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காலையில் வீட்டை விட்டு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக்குப் போவதற்குள் காது சூடாகிவிடும். எதிரே வருகிற அத்தனை பேரும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும்.

உண்மையில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. பாடகர் பேரி மேனிலோவின் முகம் பெரிதாகப் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு (அதைப் போடவே அவர்கள் கூசினார்கள்), வேறு மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும் கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். ஆனால் சட்டையில் இருந்தது யார் என்று சரியாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். இதற்கு ஸ்பாட்லைட் விளைவு என்று பெயர்.

ஏன் இப்படித் தப்புகிறது? நாம் கணக்கை நம் உடம்பிலிருந்து தொடங்குகிறோம். கழுத்தில் கம்பளி அரிக்கிறது. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை என்றால் அதன் நுனி மடங்காமல் தோலைக் குத்தும். தொங்குகிற கை நடக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கும். கூச்சத்தில் வியர்த்தால் அந்த ஈரத்தைக் கம்பளி உறிஞ்சும், உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் விடும். இவ்வளவும் நமக்கு மட்டும்தான் தெரிகிறது. அடுத்தவருக்கு இவ்வளவு தெரியாது என்று நாமும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம், ஆனால் போதுமான அளவு குறைப்பதில்லை. சரி, எட்டுக் கை ஸ்வெட்டர் டி-ஷர்ட்டைவிட நிச்சயம் அதிகம் கண்ணில் படும், பளிச்சென்ற நிறமும் அசைவும் பார்வையை இழுக்கும். ஆனாலும் நாம் மனசில் போட்டு வைக்கிற எண்ணிக்கை அதைவிடப் பெரியது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். அதே ஆய்வில் சிலரைச் சட்டை போட்டு சுமார் 15 நிமிடம் கழித்து உள்ளே அனுப்பினார்கள். அவர்கள் சொன்ன எண்ணிக்கை குறைந்தது. சட்டை அதேதான், உடம்பு பழகிவிட்டது.

ஸ்வெட்டரும் அன்றைக்கு முழுக்க உங்களோடு சேர்ந்து இளகிக்கொண்டிருக்கும். முழங்கை அருகே துணியை விரித்துக் கிட்டத்தில் பாருங்கள், நூல் எங்கேயும் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து கண்ணிகளாகக் கோத்திருக்கும். நெய்த துணி நீள வேண்டுமென்றால் பெரும்பாலும் நூலே நீள வேண்டும், பின்னலில் கண்ணி வடிவம் மாறினால் போதும். (டி-ஷர்ட்டும் பின்னல் துணிதான், மெல்லிய நூலில் பின்னியது.) முழங்கையை மடக்க மடக்க, இழுபடும் கண்ணி பக்கத்துக் கண்ணியிலிருந்து நூலை வாங்கிக்கொள்ளும், கையை நீட்டினாலும் உராய்வு அந்த நூலை முழுசாகத் திரும்ப விடாது. அதனால்தான் சாயங்காலம் அங்கே பை மாதிரி தொங்குகிறது. எட்டுக் கைகளும் தம் எடையாலேயே காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும்.

குளிர்ந்த நீரில் நனைத்தால் இழைகள் இளகி, கண்ணிகள் பழைய வடிவத்துக்கு ஓரளவு திரும்பும். அப்புறம் கொடியில் மட்டும் போடாதீர்கள், நீரின் எடையில் கைகள் இன்னும் நீளும். ஒரு துண்டின் மேல் தட்டையாக விரித்து, எட்டையும் கையால் ஒதுக்கி விட்டுக் காயவிடுங்கள்.