மழை இல்லாத மாதத்தில் சுவிட்ச் போர்டில் தண்ணீர்

ஊட்டிப் பக்கம் மழை விட்டு உறைபனி தொடங்கிய பிறகும் சில வீடுகளில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே ஈரம் இருக்கும். பித்தளைத் திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், பெட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். தகரக் கூரை ஒழுகுகிறது என்று ஆளை மேலே ஏற்றி ஓட்டை தேடுவார்கள். மழையே இல்லாதபோது கூரை எப்படி ஒழுகும்?

அந்தத் தண்ணீர் காற்றோடு வந்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை நீராவியை வைத்துக்கொள்ளும். 5 டிகிரியில் ஏழு கிராம்கூட முடியாது. இப்போது ஒயர் ஓடும் பைப் போகும் வழியைப் பாருங்கள். சமையலறை சுவிட்ச் பெட்டியில் தொடங்கி, சுவருக்குள் நேரே ஏறி, மரச் சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஓடுகிறது. மேகமில்லாத இரவில் அந்த இடம் வெளியைப் போலவே சில்லிட்டுவிடும். சமையலறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று லேசானது; பைப்புக்குள் புகுந்து மேலேறும். மேலே குளிர்ந்ததும், வைத்துக்கொள்ள முடியாத நீரைப் பைப்பின் உட்சுவரில் விட்டுவிடும். அது ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி போர்டுக்கு வந்து சேரும்.

20 மி.மீ. பைப் பத்து மீட்டர் ஓடினாலும் அதற்குள் இருக்கும் காற்று சுமார் இரண்டு லிட்டர்தான். ஈரம் நிறைந்த அந்தக் காற்று 20 டிகிரியிலிருந்து 5-க்கு இறங்கினால் கிடைப்பது அரைச் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அதாவது, பைப்பில் அடைந்து நிற்கும் காற்றால் ஆபத்தில்லை. இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் காற்றுதான் வில்லன். அந்த ஓட்டத்தை நிறுத்தினால் வேலை முடிந்தது. ஒயர் இழுத்துச் சோதித்த பிறகு, பெட்டிக்குள் திறக்கும் பைப் வாயில் ஒயர்களைச் சுற்றி இறுகாத வகைப் புட்டிப் பசையை அடைக்க வேண்டும். டக்ட் சீல் என்று கேட்டால் கிடைக்கும். சிமெண்ட் வேண்டாம், நாளைக்கு ஒயர் மாற்ற வேண்டி வருமே.

படுக்கையாகப் போகும் பைப்புக்குச் சின்னச் சரிவு கொடுப்பதும், நடுவில் தொங்கல் விழாமல் கிளாம்ப் அடிப்பதும் இப்படி உள்ளே படியும் நீர் தேங்காமல் வடியத்தான். வெளியிலிருந்து வரும் கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே வளைந்து மேலேற வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

எந்தப் பைப் வாங்குவது? என் ஓட்டு பி.வி.சி.க்குத்தான். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் அடிதாங்கும், எலி கடிக்காது. ஆனால் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், இந்த ஈரத்தில் துரு அங்கேதான் பிடிக்கும். பி.வி.சி.யில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு. கான்கிரீட்டுக்குள் போகிறதென்றால் மீடியத்துக்குக் கீழே இறங்காதீர்கள். குளிரில் பி.வி.சி. நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், காலை ஏழு மணிக்கு உள்ளே ஸ்பிரிங் விட்டு வளைத்தால் வெடிக்கலாம். வெயிலில் கொஞ்ச நேரம் கிடத்திவிட்டு வளைப்பது நல்லது. அப்புறம், மூன்று மீட்டர் பைப் 20 டிகிரி வித்தியாசத்தில் நான்கு மி.மீ. வரை நீண்டு சுருங்கும். சுவருக்கு வெளியே நீளமாக ஓட்டினால் அதற்கும் இடம் விட வேண்டும்.

ஒயர் விஷயத்தில் சமவெளிக் கணக்கு இங்கே முழுசாக ஒத்துவராது. லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் (ஒயரின் வெட்டுப் பரப்பு, சதுர மி.மீ.), பிளக்குக்கு இரண்டரை, கீசருக்கு நான்கு என்பது சரிதான். ஆனால் மலையில் ரூம் ஹீட்டர் மணிக்கணக்காக எரியும். 2 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். இரண்டரை ஸ்கொயர் அதைத் தாங்கும், லூஸ் கனெக்‌ஷன் தாங்காது. ஹீட்டருக்குத் தனி லைன், நடுவில் ஜாயின்ட் இல்லாமல். மரச் சீலிங் உள்ள பழைய பங்களா என்றால், எரிந்தாலும் புகையைக் குறைவாக விடும், குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத ஒயருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். சாதாரண பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணைத் திறக்க முடியாது.

ஈரக் காலத்தில், மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை நேரடி இணைப்பாக மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கோ கசிகிறது என்றுதான் அது சொல்கிறது. போர்டுகளைத் திறந்து ஈரத்தைத் தேடுங்கள், ஆர்.சி.சி.பி.யை விட்டுவிடுங்கள்.

கடைசியாக மெயின் கேபிள். மீட்டர் ரோட்டோரத்தில், வீடு நாற்பது மீட்டர் கீழே சரிவில் என்பது இங்கே சாதாரணம். போகவர 80 மீட்டர் செம்பு. கீசரும் ஹீட்டரும் சேர்ந்து 30 ஆம்பியர் ஓடினால், நான்கு ஸ்கொயர் கேபிளில் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். சுமார் 350 வாட் மண்ணைச் சூடாக்கும். பத்து ஸ்கொயர் போட்டால் இழப்பு 5 வோல்ட்டுக்குள் நிற்கும். புதைப்பதற்கு இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள்தான். மழைக்காலத்தில் சரிவு மண் கொஞ்சம் நகரும் என்பதால் விறைப்பாக இழுத்துப் புதைக்காமல், இரண்டு முனையிலும் ஒரு சுற்று உபரி விட்டு வையுங்கள்.