தரைவழி ஒளிபரப்பு: எந்தத் தரை, எந்த வழி?

"தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு" என்று செய்தித்தாளில் படிக்கும் பலர், மண்ணுக்குள் புதைத்த கேபிளில் வரும் தொலைக்காட்சி என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தரைவழித் தொலைபேசி என்றால் கம்பி இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்த தொலைபேசி. பயணத்தையும் தரைவழி, கடல்வழி, வான்வழி என்று பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். அப்படிப் பழகிய காதில் தரைவழி என்ற சொல் விழுந்தால், வான் வழியாக வராத ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஒளிபரப்பு கோபுரத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து நம் வீட்டு ஆன்டெனாவைத் தொடும்வரை காற்றுவெளியில்தான் வருகிறது. நடுவில் ஒரு முழம் கம்பிகூடக் கிடையாது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் நட்ட ஓர் உயரமான கோபுரத்திலிருந்து ரேடியோ அலைகளாகப் பரப்பப்படும் தொலைக்காட்சியை, செயற்கைக்கோளின் உதவியோ கேபிள்காரரின் உதவியோ இல்லாமல், வீட்டு ஆன்டெனா நேரடியாக வாங்கிக்கொள்வதே தரைவழி ஒளிபரப்பு, ஆங்கிலத்தில் டெரஸ்ட்ரியல் ஒளிபரப்பு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது வீடுகளுக்கு வந்தது இதுதான். அன்று அதற்கு அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சி என்றாலே அதுதான். செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்த பிறகுதான் பழையதற்கும் ஒரு தனிப் பெயர் தேவைப்பட்டது.

டெரஸ்ட்ரியல் என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'டெர்ரா'. நிலம், பூமி என்று பொருள். அதற்கும் முந்தைய வேருக்கு 'உலர்ந்தது' என்று பொருள் சொல்கிறார்கள். கடலுக்கு எதிரான காய்ந்த நிலம் என்ற எண்ணத்தில் பிறந்த சொல். டெர்ரா, தரை இரண்டும் ஒலியில் நெருங்கி இருப்பதால் இரண்டும் ஒரே சொல்தான் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 'தரை'யை வடமொழியின் 'தரா' என்ற சொல்லோடு சேர்க்கிறது. அந்தச் சொல்லுக்குத் தாங்குபவள் என்று பொருள். ஒன்று காய்ந்தது, இன்னொன்று தாங்குவது. ஒலி ஒற்றுமை தற்செயலானது.

தொலைத்தொடர்பு பற்றிய எழுத்தில் இந்தச் சொல் மறக்க முடியாத ஓர் இடத்தில் வருகிறது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் வானொலி இதழில் கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே, பூமியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல் 'எக்ஸ்ட்ரா டெரஸ்ட்ரியல்', அதாவது பூமிக்கு வெளியே உள்ளது. சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் 'ரிலே' நிலையத்தைப் பூமிக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று அவர் எழுதியதால், பூமியிலேயே நிற்கும் கோபுரம் 'டெரஸ்ட்ரியல்' ஆகிறது. சொல்லின் உண்மையான எதிர்ப்பதம் இங்கேதான் இருக்கிறது: எதிரே நிற்பது வான்வழி இல்லை, விண்வெளியில் நிற்கும் செயற்கைக்கோள். அந்தக் கிளார்க் பிறகு இலங்கையில் குடியேறினார். 1975-76இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியா 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியபோது, கொழும்பில் இருந்த அவர் வீட்டுக்கும் ஒரு பெரிய அலைவாங்கித் தட்டை இஸ்ரோ பொருத்திக் கொடுத்தது. தான் எழுதியது நடந்ததை அவர் தன் வீட்டிலேயே பார்த்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். 'தரைவழி' என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ரேடியோ அலை பரவும் முறைகள் மூன்று: தரை அலை, வான் அலை, வெளி அலை. தரை அலை என்பது பூமியின் பரப்பை ஒட்டி, அதன் வளைவோடு வளைந்து போவது. மீடியம் வேவ் வானொலி பகலில் அப்படித்தான் வருகிறது. வான் அலை, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது. தொலைக்காட்சி இந்த இரண்டிலும் சேராது. அதன் அலைகள் வெளி அலைகள். கோபுர உச்சியிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் வருபவை. ஆக, பாடப்புத்தகத்தின்படி தரை அலையில் வராத ஒன்றைத்தான் தரைவழி என்கிறோம். அதே போன்ற கோபுரத்திலிருந்து வரும் வானொலிக்கோ பெயரிலேயே வான் இருக்கிறது. ஒரு மாணவர் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் குழம்பாமல் என்ன செய்வார்?

நேர்கோட்டில் வருகிறது என்பதுதான் இந்த ஒளிபரப்பை வாங்குவதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பூமி உருண்டை என்பதால் ஓர் எல்லைக்கு அப்பால் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். கணக்கு எளியது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் எத்தனை கி.மீ. எட்டும் என்பது வரும். 150 மீட்டர் கோபுரத்துக்கு ஏறக்குறைய 44 கி.மீ. நம் ஆன்டெனா 10 மீட்டர் உயர மொட்டை மாடியில் இருந்தால் அதன் பங்காக இன்னும் 11 கி.மீ. சேரும். காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆன்டெனாவை உயர்த்தக் கம்பத்தோடு கம்பம் சேர்த்துக் கட்டியவர்கள் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்க்காமலே கடைப்பிடித்தார்கள்.

இதனால்தான் ஒளிபரப்பு நிலையங்கள் மலையைத் தேடிப் போகின்றன. கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் நட்டதற்குக் காரணம் அதுதான். சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 160 கி.மீ.க்குப் போகிறது. தென் மாவட்டங்களின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். இலங்கையில் 1982இல் தொடங்கிய ரூபவாகினியின் முதன்மைக் கோபுரம் அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்தில் அந்த நாள்களில் ரூபவாகினி பார்த்தவர்கள் ஏராளம். மலைக்கும் அந்த ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் 300 கி.மீ. அளவில் வரும், சூத்திரம் சொல்லும் எல்லையைத் தாண்டியது. இடையில் கடல் இருப்பதே இங்கே உதவியது. கடலை ஒட்டிய ஈரமான குளிர்ந்த காற்றின்மேல் உலர்ந்த வெப்பக் காற்று படியும்போது, ரேடியோ அலை இரண்டுக்கும் நடுவே சிக்கி, குழாய்க்குள் ஓடும் நீர்போல வெகுதூரம் போய்விடும். அதனால்தான் ஒருநாள் பளிச்சென்று தெரிந்த படம் மறுநாள் காணாமல் போனது.

இடையில் உள்ள ஊர்களுக்குச் சிக்னலை வாங்கி மீண்டும் பரப்பும் வட்டார நிலையத்தை மறு ஒளிபரப்பு நிலையம் என்று எழுதுவது வழக்கம். எனக்குப் பிடித்த சொல் இன்னொன்று: அஞ்சல். வானொலி நிகழ்ச்சி நிரலில் 'சென்னை அஞ்சல்' என்று வரும். சென்னை நிலையத்தின் நிகழ்ச்சியை இந்த நிலையம் வாங்கித் தருகிறது என்று பொருள். இலங்கையில் பள்ளி விளையாட்டுப் போட்டியின் தொடர் ஓட்டம்கூட அஞ்சல் ஓட்டம்தான். கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசேர்ப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கும்போது 'அஞ்சல் நிலையம்' என்பது ரிலே நிலையத்துக்கு அருமையாகப் பொருந்தும். தபால் நிலையம் அந்தப் பெயரை முழுமையாக எடுத்துக்கொண்டது நம் இழப்பு. 'அஞ்சல் கோபுரம்' என்றால் குழப்பம் வராது.

டிஜிட்டல் என்ற அடைமொழிக்குத் தமிழில் பல சொற்கள் உலவுகின்றன. லத்தீனில் 'டிஜிட்டஸ்' என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் அது எண்ணுக்குரிய இலக்கத்தையும் குறித்தது. தமிழில் எண்ணிம, எண்முறை, இலக்கமுறை என்பவை எல்லாம் இந்த எண்ணும் பொருளைப் பிடித்தவை. சிங்கப்பூரில் மின்னிலக்கம் நிலைபெற்றுவிட்டது. அங்கே மின்னிலக்கத் தொலைக்காட்சி என்று இயல்பாகவே எழுதுகிறார்கள். பேச்சில் டிஜிட்டல்தான். இதில் எதை எடுத்தாலும் பொருள் கெடாது என்பதால் நான் சண்டைபோட மாட்டேன்.

வாங்குகிறவருக்கு டிஜிட்டலால் என்ன மாறுகிறது என்பதுதான் முக்கியம். பழைய அனலாக் முறையில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், கோடு ஓடும், ஆனாலும் முகம் தெரியும், செய்தி கேட்கும். கட்டடத்திலோ பாறையிலோ பட்டுத் தாமதமாக வரும் அலை, படத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழலை உண்டாக்கும். டிஜிட்டலில் நிழல் கிடையாது. படமும் ஒலியும் எண்களாகி, ஆயிரக்கணக்கான துணை அலைகளில் பிரிந்து வருகின்றன. ஒவ்வொரு துணுக்குக்கும் இடையே சிறு இடைவெளி விடப்படுவதால் தாமதமாக வரும் எதிரொலி அடுத்ததைக் கெடுக்காது. வழியில் சிதைந்த எண்களைத் திருத்தும் ஏற்பாடும் உண்டு. ஆனால் திருத்தும் சக்திக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிக்னல் அதற்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, அப்புறம் மொத்தமாக நின்றுவிடும். அரைகுறையாகவாவது தெரியட்டும் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஓரத்து ஊர்களில் இருப்பவர்கள் டிஜிட்டலுக்கு மாறியதும் இப்போது ஒன்றுமே வருவதில்லை என்று வருந்துவது நியாயமான வருத்தம்.

அப்படி ஓரத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவின் அளவை. 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கிய, குறுக்குக் கம்பிகள் வரிசையாக அமைந்த ஆன்டெனாதான் இன்றும் நம் மாடிகளில் நிற்கிறது. அதன் கம்பிகள் அலைநீளத்தில் பாதி அளவுக்கு இருக்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் அளவில் வந்த பழைய அலைவரிசைக்கு 75 செ.மீ. கம்பி. டிஜிட்டல் ஒளிபரப்பு பெரும்பாலும் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, யூஎச்எஃப் எனப்படும் மிக உயர் அதிர்வெண் பகுதியில் இருப்பதால் கம்பி 30 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பழைய பெரிய ஆன்டெனா இருக்கிறதே என்று அதையே நம்பினால் சரியாக வராது. கோபுரம் இருக்கும் திசை, கம்பிகள் கிடையாக நிற்க வேண்டுமா செங்குத்தாகவா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் கிரிஸ்டல் பேலஸ் போன்ற பெரிய கோபுரங்களுக்கு ஆன்டெனாவைக் கிடையாகவும், சின்ன அஞ்சல் கோபுரங்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாகவும் வைக்கிறார்கள். அங்கே கோபுரத்துக்குக் கோபுரம் வட்டாரச் செய்தியும் மாறும். விண்டர் ஹில் கோபுரம் வடமேற்குப் பகுதிக்குரியது, எம்லி மூர் யார்க்ஷயருக்குரியது. இரண்டும் எட்டும் இடத்தில் இருக்கும் வீட்டில் ஒரே சேனல் இரண்டு முறை பட்டியலில் ஏறிவிடும். இரண்டாவது 800க்கு மேற்பட்ட எண்களில் போய் உட்காரும்.

இந்தியாவில் தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்னும் தொழில்நுட்ப முறையில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. முன்பு ஒரே ஒரு சேனல் அடைத்துக்கொண்டிருந்த அலைவரிசையில் இப்போது பல சேனல்கள் சேர்ந்து வரும். இப்படிச் சேர்த்துக் கட்டியதற்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். பல திரை கொண்ட திரையரங்காக நாம் அறிந்த அதே சொல்தான். பல மடிப்பு என்று பொருள். இதற்கிடையே பழைய அனலாக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஏறத்தாழ 50 முக்கிய இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது.

இனி, சரியான தமிழ்ச் சொல் எது? ஜப்பானியர்கள் 'சிஜோ' என்கிறார்கள். நிலத்தின் மேல் என்று பொருள். பூமியின் மேற்பரப்பில் இருந்து வருவது என்பது அதிலேயே தெளிவாகிவிடுகிறது. 'வழி' என்ற சொல்லை அவர்கள் சேர்க்கவில்லை. தமிழில் குழப்பத்தை உண்டாக்குவதும் அந்த 'வழி'தான். தரையில் நிற்கிறது கோபுரம், அலை போகும் வழியோ வெளி. வானலைத் தொலைக்காட்சி என்று சிலர் சொல்வார்கள். செயற்கைக்கோளின் அலையும் வானிலிருந்து வருவதால் அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. புவிசார் ஒளிபரப்பு என்றால் புவியியல் நிகழ்ச்சியோ என்று தோன்றும்.

செயற்கைக்கோள் ஒளிபரப்பு என்னும்போது அனுப்பும் பொருளால் பெயர் வைக்கிறோம். இதற்கும் அப்படியே வைத்தால் தரைக்கோபுர ஒளிபரப்பு. செல்போன் கோபுரம் என்று மக்கள் ஏற்கெனவே பேசுவதால் கோபுரம் என்றதுமே சிக்னல் நினைவுக்கு வரும். படிக்கும் எவருக்கும் கண்முன் ஒரு கோபுரம் நிற்கும், அந்தப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். தரைவழி என்பது பலர் எழுதிப் பழகிய சொல், அதை ஒரே நாளில் விட முடியாது என்பது உண்மை. விளக்கம் தர இடமிருக்கும் கட்டுரைகளில் அதைப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை. ஒரே வரித் தலைப்பிலும் மாணவர்களின் பாடத்திலும் மட்டுமாவது தரைக்கோபுரம் என்று எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. இணையம் இல்லாமலே கோபுரத்திலிருந்து நேராகக் கைப்பேசிக்குத் தொலைக்காட்சியை அனுப்பும் முறையைப் பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து சோதித்து வருகின்றன. அதுவும் டெரஸ்ட்ரியல் ஒளிபரப்புதான். கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவிக்கு வரும் படத்தைத் தரைவழி என்று எழுதினால், லேண்ட்லைனை அந்தப் பெயரில் அறிந்த வாசகருக்கு எதுவுமே விளங்காது. தரைக்கோபுர ஒளிபரப்பு என்றால் இதற்கும் அப்படியே பொருந்தும்.